டிப்பரில் முன்பாரம் பார்த்து ஏற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அறுவடைக் காலம் வந்தால் டிராக்டர் கவிழ்ந்த செய்தி இல்லாமல் உங்கள் நாளிதழ் வருவதில்லை. 'கட்டுப்பாட்டை இழந்த டிராக்டர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். அந்தக் கட்டுப்பாடு எப்படிப் போகிறது என்பதை, 31 வருடமாக டிராக்டர் ஓட்டுகிறவன் என்பதால் எழுதுகிறேன்.

போன தை மாதம், சம்பா அறுவடை. வயலில் ஈரம் காயவில்லை. பெல்ட்டில் ஓடும் அறுவடை எந்திரமான பெல்ட் வண்டியால் வெளியே வர முடியாமல், டிராக்டருக்குப் பின்னால் மாட்டி வரப்போரம் நின்ற என் டிப்பருக்குக் குழாய் எட்டிய மட்டும் நீட்டி நெல்லைக் கொட்டினார்கள். அத்தனையும் முன்பலகையை ஒட்டிக் கூம்பாகக் குவிந்தது. பாதி டிப்பர்தானே என்று நிரவாமல் கிளம்பிவிட்டேன். கோரையாற்றுக் கரைச் சாலைக்கு ஏறும் சரிவில் முன்சக்கரம் இரண்டும் ஒரு சாண் தூக்கிக்கொண்டன. ஸ்டியரிங்கை ஒடிக்கிறேன், சக்கரம் அந்தரத்தில் திரும்புகிறது, வண்டி மட்டும் நேரே கரை விளிம்புக்குப் போகிறது. கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்ததும் முன்பக்கம் தொப்பென்று இறங்கியது. மட்கார்டில் என் பேரன் உட்கார்ந்திருந்தான். அன்றோடு அவனை ஏற்றுவதை விட்டுவிட்டேன்.

சித்திரையில் டெக்சாஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே படுக்கை, அடுப்படி எல்லாம் உள்ள டிரெய்லரைப் பிக்கப் வண்டியில் மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறார்கள். கிளம்பும் முன் மாப்பிள்ளை டேப்பை எடுத்துத் தரையிலிருந்து முன்சக்கர வளைவு வரை அளந்தார். 36 அங்குலம். டிரெய்லரை மாட்டியதும் 37. பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கிவிட்டது. அவர் வைத்திருந்தது 'வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்' என்ற கொக்கி. அதிலிருந்து பின்னோக்கி இரண்டு இரும்புக் கம்பிகள் நீள்கின்றன. இணைப்பை ஜாக்கியால் உயர்த்தி, அந்தக் கம்பிகளை டிரெய்லரின் சட்டத்தோடு சங்கிலியால் இழுத்து மாட்டினார். ஜாக்கியை இறக்கியதும் கம்பிகள் வில்லாக விறைத்து நின்றன. மறுபடி அளந்தால் கால் அங்குலம்தான் வித்தியாசம். அந்த விறைப்புதான் நெம்புகோலாக வேலை செய்து, கொக்கியில் விழுந்த பாரத்தில் கொஞ்சத்தை முன்சக்கரத்துக்கும் கொஞ்சத்தை டிரெய்லர் சக்கரத்துக்கும் தள்ளிவிடுகிறது.

"மொத்தப் பாரம் ஒரு கிலோகூடக் குறையாது மாமா. வண்டி தாங்குற அளவுக்கு மேல ஏத்த இத நம்பக் கூடாது. டிரெய்லர் எடையில 10லேருந்து 15 சதவீதம் கொக்கியில இருக்கணும். குறைஞ்சா பின்னாடி வாலாட்டும்" என்றார் மாப்பிள்ளை.

எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. பாரவண்டி ஓட்டியவர். மூட்டை ஏற்றி முடித்ததும் மாட்டைப் பூட்டுவதற்கு முன் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். "முன்பாரம் கூடுனா மாட்டுக் கழுத்து போயிடும், பின்பாரம் கூடுனா பூட்டாங்கயிறு கழுத்த நெரிச்சிடும்" என்று சொல்லி, ஒரு மூட்டையை ஒரு முழம் நகர்த்தச் சொல்வார். பாரம் சரியில்லை என்றால் மாடு நடையிலேயே காட்டிவிடும். டிராக்டர் சமதரையில் ஒன்றும் காட்டாது. மேட்டில் ஏறும்போதுதான் காட்டும்.

அந்தக் கொக்கி நம் டிராக்டருக்கு ஒத்துவராது. நம்முடையது ஓட்டையில் இரும்பு முளை செருகும் மாட்டல். வரப்பும் வாய்க்காலும் தாண்டும்போது டிப்பர் ஒரு பக்கம் முறுக்கும், கம்பி தாங்காது. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு நமக்கும் பொருந்தும். கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பத்தில், அதாவது மூட்டையில், சொல்கிறேன். இரண்டு சக்கர டிப்பரில் 50 சிப்பம் நெல், 2 டன், முன்னால் குவிந்தால் 25 சிப்பத்தின் எடை கொக்கியிலேயே உட்கார்ந்துவிடும். டிராக்டரின் பின் அச்சிலிருந்து கொக்கி 2 அடி, முன் அச்சு 6 அடி என்று வைத்தால், கொக்கியில் ஏறுவதில் மூன்றில் ஒரு பங்கு முன்சக்கரத்தில் கழியும். 300 கிலோவுக்கு மேல் போய்விடுகிறது. மேட்டில் இழுக்கும் இழுவை மிச்சத்தையும் தூக்கிவிடும். அன்று எனக்கு நடந்தது இதுதான். பரவலாக நிரவிய முழு டிப்பரில் வராத ஆபத்து பாதி டிப்பரில் வந்தது. சேற்றில் பிடிப்புக் கிடைக்கும் என்று கொக்கியை உயர்த்தி மாட்டுகிறவர்களுக்கும் சொல்கிறேன், இழுவை உயரத்திலிருந்து வந்தால் வண்டி மல்லாக்கச் சாய்வது சுலபம். தயவுசெய்து வேண்டாம்.

என் டிப்பரின் இரண்டு பக்கப் பலகையிலும் அச்சுக்கு நேர் மேலே மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டிருக்கிறேன். குவியலின் உச்சி அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் விழ வேண்டும் என்று பெல்ட் வண்டிக்காரரிடம் சொல்லிவிடுகிறேன். அவருக்கும் குழாயை எங்கே பிடிப்பது என்று தெரிகிறது. முன்பம்பரில் வெயிட்டும் மாட்டிவிட்டேன்.

டிராக்டருக்கும் அறுவடை எந்திரத்துக்கும் பயிற்சி கொடுக்கும் வேளாண் பொறியியல் துறை, பாரம் ஏற்றும் முறைக்கும் அரை நாள் ஒதுக்க வேண்டும். வகுப்பறையில் சொன்னால் போதாது. நெல் ஏற்றிய டிப்பரை மாட்டி, முன்சக்கரத்தை டேப்பால் அளந்து காட்ட வேண்டும். குறுவை அறுவடைக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. அதற்குள் நீடாமங்கலம், மன்னார்குடி, அம்மாபேட்டைப் பக்கங்களிலாவது இதைத் தொடங்கும்படி உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டிராக்டர் ஓட்டும் விவசாயி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.