ரோட்டைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள் ஐயா

எங்கள் ஒன்றியத்தில் சாலை வேலைகளைப் பார்க்கும் பொறியாளர் ஐயாவுக்கும், அந்த வேலைக்குக் கையெழுத்துப் போடுகிற மற்ற பெரியவர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் எங்கள் மேலத்தெருவை டேப் பிடித்து அளந்தார்கள். என்ன விஷயம் என்று கேட்டேன். "புது ரோடு வருது சார், சந்தோஷப்படுங்க" என்றார்கள். பழையதைச் சுரண்டிவிட்டுத்தானே போடுவீர்கள் என்று கேட்டதும், "அதெல்லாம் எஸ்டிமேட்ல இல்ல" என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பிவிட்டார்கள். அதற்குத்தான் இந்த மடல். தெருவின் பழைய கதையெல்லாம் எங்கள் மனுக்களோடு உங்கள் கோப்பில் தூங்குகிறது, அதைத் திரும்ப எழுப்பவில்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். எங்கள் வீடு தாத்தா கட்டியது. நான் சின்னப் பையனாக இருந்தபோது திண்ணையிலிருந்து மூன்று படி இறங்கித்தான் தெருவுக்கு வருவோம், கடைசிப் படியில் உட்கார்ந்துதான் அம்மா கீரை ஆய்வாள். ஒவ்வொரு முறை ரோடு போட்டபோதும் ஒரு படி தாருக்குள் போனது. மூன்றும் போய், இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் வீட்டுக்குள் போகிறோம். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி விடாமல் பெய்ததில் தெருத்தண்ணீர் ரேழி வழியாக முற்றத்துக்கு வந்துவிட்டது, முற்றத்துத் தண்ணீர் வெளியே போகிற தூம்பும் ரோட்டுக்குக் கீழே போய்விட்டதால் வந்தது போகவும் வழியில்லை. நானும் மனைவியும் வாளியில் இறைத்தோம். இறைத்து எங்கே ஊற்றுவது? வாசலில் ஊற்றினால் அதே தண்ணீர் சுற்றிக்கொண்டு உள்ளே வருகிறது. 78 வயது அம்மா கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருந்தாள். பத்தாயத்தின் அடியில் இருந்த விதைநெல் மூன்றாம் நாள் முளைவிட்டது. வயலில் முளைக்க வேண்டியது வீட்டுக்குள் முளைத்தால் அதற்கு நிவாரணப் படிவம் ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

சுரண்டிவிட்டுப் போடுங்கள் என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்த கோரிக்கை இல்லை. 2021லேயே அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும், சாலை உயர்ந்து வீடுகளுக்குள் தண்ணீர் போகக் கூடாது என்று உத்தரவே போட்டார். அது சென்னையிலிருந்து புறப்பட்டு எங்கள் ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. வழியில் ரோடு சரியில்லையோ என்னவோ.

இது டெல்டா, களிமண், கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும், உயர்த்திப் போடாவிட்டால் ரோடு நிற்காது என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, வயலுக்கு நடுவில் போகிற இடத்தில் உயர்த்துங்கள், வேண்டிய அளவு குழாய்ப் பாலம் வைத்து உயர்த்துங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. இரண்டு பக்கமும் வாசல் இருக்கிற தெருவில் எதற்கு அந்தக் கணக்கு?

நான் ரோட்டுக்கு விரோதி இல்லை. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்கு வரும் ஒன்றரை கிலோமீட்டரை நீங்கள் அகலப்படுத்திய பிறகுதான் நெல் லாரி கொள்முதல் நிலையத்து வாசல் வரை வருகிறது, அதற்கு முன்னால் டிராக்டரில் ஒரு முறை, லாரியில் ஒரு முறை என்று ஏற்றுக்கூலி இரண்டு தடவை அழுதோம், அதற்குள் ஒரு தூறல் விழுந்து நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், மூட்டையை அவிழ்த்துத் திரும்பக் காயவைக்க வேண்டியதுதான். அந்த நன்றி இருக்கிறது.

ரோடு வந்ததும் மனை விலையும் ஏறியது. சவுக்கு நின்ற திடலில் கல் நட்டுக் கொடி கட்டினார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மைத்துனனும் இரண்டு மனை வாங்கினான். வாங்கட்டுமே, உழைத்த காசு. பத்திரத்துக்கு 7, பதிவுக்கு 2 என்று நூற்றுக்கு 9 ரூபாய் அரசுக்குக் கட்டித்தான் வாங்கினான், அதில் ஒரு பங்கு உள்ளாட்சிக்கும் வருகிறது. ஆனால் அந்த மனைகளுக்குப் போகிற பாதைக்காக வடிகால் வாய்க்காலில் கிராவலைக் கொட்டி, ஒரு குழாய்கூடப் பதிக்காமல் மூடிவிட்டார்கள். மழைக்குப் பிறகு வீடியோ காலில் அவன் மனையைக் காட்டினேன். "அத்தான், குளத்தைக் காட்டாதீங்க, மனையைக் காட்டுங்க" என்கிறான்! எங்கள் தெருவிலோ ஒரு வீடு விலைக்கு வந்து, பார்க்க வந்தவர் காரைவிட்டு இறங்கி வாசலைப் பார்த்ததும் "பள்ளத்துல இருக்கே" என்றார், காபிக்குக்கூட நிற்கவில்லை. ரோடு நன்றாக இருந்தால் குடியிருப்பவனுக்கும் நல்லது, முதல் போடுகிறவனுக்கும் நல்லது என்பார்கள். இங்கே இரண்டு பேரும் ஒரே தண்ணீரில் நிற்கிறோம்.

இன்னொன்று. ரோடு போட்ட ஈரம் காய்வதற்குள் குடிநீர்க் குழாய்க்கென்று தோண்டுகிறீர்களே, அந்த இரண்டு இலாகாவும் ஒரு நாள் சேர்ந்து டீ குடிக்கக் கூடாதா? வருஷம் முழுக்க வெயில் அடிக்கிறது, தார் டின் மட்டும் ஏன் ஐப்பசி மழைக்கு முதல் நாள் வருகிறது? இன்னும் நாலு தடவை இப்படியே மேலே மேலே போட்டால் எங்கள் தெருவைத் தொல்லியல் துறைதான் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது இரண்டே வேலை. மேலத்தெருவில் பழைய தாரைச் சுரண்டிவிட்டு அதே மட்டத்துக்குப் போடுங்கள். மூடிய வடிகாலைத் திறந்து குழாய் வையுங்கள். எஸ்டிமேட்டில் இல்லை என்றால் எஸ்டிமேட்டைத் திருத்துங்கள், அதைப் போட்டதும் உங்கள் அலுவலகம்தானே. முதல் லோடு ஜல்லி இறங்குவதற்கு முன் ஒரு தடவை நேரில் வந்து பார்த்தால் பெரிய உதவி. சுரண்டாமல் போடுவதாக இருந்தால் தயவுசெய்து இந்த வருஷம் போடவே வேண்டாம், குண்டும் குழியும் எங்களுக்குப் பழகிவிட்டது.

வந்தால் எங்கள் வீட்டுக்குள்ளும் வாருங்கள், காபி உண்டு. வாசலில் மட்டும் பார்த்து இறங்குங்கள்.

இப்படிக்கு,
மேலத்தெருக்காரன்