கம்ப்ரஸரை மாற்ற அவசரப்படாதே

அன்புள்ள மச்சான்,

நேற்று ராத்திரிதான் உன் மெயிலைப் பார்த்தேன். அப்பாவுக்கு இளைப்பு குறைந்து, படுத்துத் தூங்குகிறார் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எழுந்துபோய் வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். போன மாதம் உன் குரலைப் போனில் கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. பெரியவளுக்கு வேலை கிடைத்த சேதியைத் தனியாகப் பேசுவோம். முதலில் உன் கார் ஏசி. ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரைத் திங்கட்கிழமை மாற்ற விடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். விடாதே.

நீ எழுதிய ஒரு வரியை மூன்று தடவை படித்தேன். அவிநாசி ரோட்டில் ஓடும்போது ஜில்லென்று வருகிறது, காந்திபுரம் சிக்னலில் நின்றால் இரண்டு நிமிஷத்தில் வெறும் காற்று. கம்ப்ரஸர் செத்திருந்தால் ஓடும்போதும் ஜில்லென்று வராதே! ஓடும்போது கிடைத்து, நிற்கும்போது கிடைக்காமல் போவது எது என்று யோசி. முன்பக்கம் அடிக்கிற காற்று.

கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் ஒன்று நிற்கிறதே, அதுதான் கண்டென்சர். வண்டிக்குள்ளிருந்து கேஸ் வாரிக்கொண்டு வந்த சூட்டை அங்கேதான் வெளியே தள்ள வேண்டும். வண்டி ஓடினால் காற்று தானாக அந்த வேலையைச் செய்துவிடும். நின்றால் ஃபேன் செய்ய வேண்டும். ஃபேன் ஓடாவிட்டால் சூடு இறங்காது, பிரஷர் ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது நிற்கிறது. நிற்பதை மட்டும் பார்த்த மெக்கானிக் கம்ப்ரஸர் போச்சு என்று சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நீயே பார். காலையில் வேண்டாம், வெயில் ஏறிய பிறகு. வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பானட்டைத் திற. இன்ஜினை ஓடவிட்டு ஏசியை முழுக் குளிரில் வை. ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கும், அது கம்ப்ரஸரின் கிளட்ச் பிடிக்கிற சத்தம். கம்ப்ரஸர் புல்லியின் முகத்தில் இருக்கிற வட்டத் தகடு அப்போது புல்லியோடு சேர்ந்து சுற்றும். பெல்ட் ஓடியும் அந்தத் தகடு சும்மா நின்றால் கிளட்ச் பிடிக்கவில்லை. பிறகு ஃபேனைப் பார். சில வண்டிகளில் ஏசி போட்டவுடனே சுற்றும், சிலவற்றில் பிரஷர் ஏறின பிறகுதான். ஐந்து நிமிஷம் பொறு. லுங்கியோ துண்டோ அந்தப் பக்கம் போகவே கூடாது, ஃபேன் சொல்லாமல் கிளம்பும்.

இதற்குள் உள்ளே காற்று சூடாகியிருந்தால், ஒரு சொம்புத் தண்ணீரை கிரில் வழியாக கண்டென்சர் மேல் மட்டும் மெதுவாக ஊற்று. ஒரு நிமிஷத்தில், காற்று வரும் வென்ட்டில் குளிர் திரும்பினால் உன் கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது, கேஸும் அநேகமாக இருக்கிறது. கோளாறு ஃபேனில், அல்லது கண்டென்சரில் அடைந்த தூசியில். மாறாக, தண்ணீரால் ஒன்றும் மாறாமல், ஆக்ஸிலரேட்டரை 2,000 ஆர்பிஎம் அளவுக்குப் பிடித்தால் மட்டும் குளிர் வந்தால், அப்போது கம்ப்ரஸரையோ கேஸ் அளவையோ சந்தேகப்படலாம். அதற்கு கேஸ் பிரஷரை அளக்கும் மானிஃபோல்டு கேஜ் வைத்திருக்கிற ஆள் வேண்டும்.

ஃபேன் என்றால் பியூஸ், ரிலே, சாக்கெட், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கச் சொல். ரிலே என்பது ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச். பியூஸ் பெட்டியில் அதே நம்பர் ரிலே பெரும்பாலும் இன்னொன்று இருக்கும், இடம் மாற்றிப் போட்டாலே தெரிந்துவிடும். மோட்டாரே போயிருந்தாலும் பெரும்பாலும் கம்ப்ரஸர் அளவுக்குச் செலவு ஆகாது. அடைப்பு என்றால் சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் அந்த மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

இவ்வளவு சொல்ல எனக்கு என்ன அனுபவம் என்று கேட்பாய். மூன்று வெயில்காலம் பணத்தைக் கொட்டியவன் நான். ஒவ்வொரு ஏப்ரலிலும் குளிர் குறையும், ஒரு கடையில் கொண்டுபோய் நிறுத்துவேன், “வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் தீரும் சார்” என்று ஏற்றி அனுப்புவார்கள். நானும் பெட்ரோல் போலத் தீர்கிறது என்றே நம்பினேன். போன அக்னி நட்சத்திரத்தில் அம்மாவைத் திருவண்ணாமலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணமங்கலம் தாண்டவில்லை, வென்ட்டில் அனல். கண்ணாடியை இறக்கினால் அதைவிட அனல். போளூரில் வேப்பமரத்தடியில் நிறுத்தியபோது அம்மா முந்தானையை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திரும்பி வந்ததும் இங்கே காட்பாடி பக்கம் ஏசி வேலை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் கேஸ் பாட்டிலைத் தொடவே இல்லை. டார்ச் அடித்துக்கொண்டு பைப் பைப்பாகப் பார்த்தார். கண்டென்சருக்குள் போகிற ஜாயின்ட்டில் மட்டும் ஈரமாக, தூசி அப்பி, கறுப்பாக ஒரு திட்டு. “கேஸோடு ஆயிலும் சுத்தும் தம்பி. கேஸ் கண்ணுக்குத் தெரியாது, ஆயில் காட்டிக்கொடுத்துடும்” என்றார். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரையைத் தடவினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கடுகளவு ஒரு குமிழி, மெல்ல மெல்லப் பட்டாணி அளவுக்கு வளர்ந்து உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. மூன்று வருஷப் பணம் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. கழற்றியெடுத்த ஓ-ரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார். மோதிர அளவு கறுப்பு ரப்பர், தட்டையாகிக் காய்ந்து, நகம் பட்டதும் விரிசல் விட்டது.

மச்சான், இதுதான் உனக்குச் சொல்ல வேண்டியது. கேஸ் தீர்கிற பொருள் இல்லை. ஊசி போடுமுன் நர்ஸ் தடவுகிற ஸ்பிரிட் ஆவியாகும்போது தோல் சில்லென்று ஆகுமே, அந்தக் கணக்குதான் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலுக்குள்ளும். ஒரே வித்தியாசம், ஸ்பிரிட் காற்றில் போய்விடும், இது மூடிய குழாய்க்குள் திரும்பத் திரும்பச் சுற்றும். ஆர்134ஏ என்கிற இந்த கேஸ் திறந்த காற்றில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் சின்னத் துளை கிடைத்தாலும் வெளியேறும். வருஷா வருஷம் ஏற்ற வேண்டியிருந்தால் எங்கோ லீக். அதை அடைக்காமல் ஏற்றுகிறவர்களிடம் இனி நான் போவதில்லை. நம் பணம் மட்டுமா? இந்த கேஸ் ஒரு கிலோ, புவியைச் சூடாக்குவதில் சுமார் 1,400 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். 2016 கிகாலி உடன்பாட்டில் உலக நாடுகள் இதைக் குறைக்க ஒப்புக்கொண்டதும் அதனால்தான்.

ஓ-ரிங்கோடு, கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றினார். அரைமணி நேரம் வேக்கம் போட்டு ஈரத்தை இழுத்தார். பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படித்து, தராசில் வைத்து கேஸ் ஏற்றினார். என் வண்டிக்கு 400 கிராம்தான், கொஞ்சம் கூடினாலும் குளிர் குறையுமாம். வென்ட்டில் தெர்மாமீட்டர் செருகினார், 7 டிகிரி. பத்து நிமிஷத்தில், கூலிங் காயில் குளிர்ந்ததன் அடையாளமாக, வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. அந்தச் சொட்டைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இது எழுதும்போது உங்கள் அப்பாவின் அம்பாசடர் ஞாபகம் வருகிறது. முன் கதவில் இருக்கும் முக்கோணக் கண்ணாடியை அவர் ஒரு விரலால் திருப்பினால் காற்று நேரே நம் முகத்தில் அடிக்கும். மேட்டுப்பாளையம் வரை அப்படியே போவோம். இப்போது அவரை அதே வெயிலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக உன் வண்டி குளிர வேண்டும்.

கேபின் ஃபில்டரையும் பார்த்துவிடு, பல வண்டிகளில் டேஷ்போர்டு டப்பாவைக் கழற்றினால் பின்னால் இருக்கும். தூசி அடைந்தால் காற்றே குறைவாகத்தான் வரும், அப்பாவின் இளைப்புக்கும் அது ஆகாது.

ஞாயிறு மத்தியானம் தண்ணீர் ஊற்றியதும் எனக்குப் போன் செய். சாப்பிடாமல் காத்திருப்பேன். அப்பாவிடம் நான் ஜூனில் வருகிறேன் என்று சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்,
வேலூர்