லேபிளில் உள்ள பம்பாய்

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்ததால் உடனே எழுத முடியவில்லை. இப்போது தேறிவிட்டார். நேற்று மார்க்கெட்டுக்குத் தானே போய் வாழைப்பூ வாங்கி வந்தார்.

சனிக்கிழமை வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். பழைய தவளை, பல்லி, பாம்பு ஜாடிகளின் லேபிள்களைக் கணினியில் ஏற்றுகிறேன். கெடாமலிருக்க ஊற்றிய ஸ்பிரிட்டில் வருஷக்கணக்காகக் கிடந்ததில் நிறம் போய் எல்லாமே வெளிறிக் கிடக்கின்றன. எங்கே, எப்போது, யார் பிடித்தார் என்பதைச் சொல்வது உடலில் நூல்கொண்டு கட்டிய காகிதம்தான். போன வாரம் ஒன்றில் 'அந்தேரி, வயல்' என்று இருந்தது. தண்ணீர்மேல் துள்ளித் துள்ளி ஓடுமே, அந்தச் சாதாரணத் தவளை. இன்று கட்டடங்கள் நெருங்கிக் கிடக்கும் அந்தேரியில் வயல்! தினமும் அந்த வழியாகப் போகிறவள் நான். வெகுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெறுமனே 'பம்பாய்' என்று எழுதியவைதான் பாடாய்ப் படுத்துகின்றன. நகரமா, மாகாணமா? 1936 வரை சிந்துகூட அந்த மாகாணத்தில்தான் இருந்தது. 1919இல் விலங்கியலாளர் அன்னன்டேல் 'பாம்பேயென்சிஸ்' (பம்பாயைச் சேர்ந்தது) என்று பெயரிட்ட புதர்த்தவளை கிடைத்தது கோவா எல்லையை ஒட்டிய கேசில் ராக்கில். இன்று அது கர்நாடகம். அன்று பம்பாய் மாகாணம். பெயரை மட்டும் நம்பி வரைபடத்தில் மும்பை நகரின் ஃபோர்ட் பக்கம் ஒரு புள்ளி வைத்தால், பின்னால் வருகிறவர் அது இங்கே வாழ்ந்து அழிந்துபோனது என்று எழுதிவிடுவார். அதனால் லேபிளில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் ஒரு கட்டத்தில் பதிகிறேன், என் ஊகத்தைத் தனியாக வேறொரு கட்டத்தில். பழைய ஊர்ப்பெயரைத் திருத்தக் கை பரபரக்கும். ஆனாலும் தொடுவதில்லை.

அப்புறம், நம் காலேஜ் விலங்கியல் துறை ஜாடிகளை வேறு கட்டடத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதிலிருந்து எனக்கு நிம்மதியே இல்லை. ஒரு ஜாடியை நகர்த்தும் முன்பே பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடு. ஸ்பிரிட் வற்றியிருந்தால் பிறகு ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் அவிழ்ந்து விழுந்த லேபிள் எந்த ஜாடியுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. தீபாவளிக்கு ஊருக்கு வருகிறேன், இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதி முடிப்போம். 1991இல் பாபநாசத்தில் நாம் பிடித்த அரணை இன்னும் இருக்கிறதா என்று பார். அதன் லேபிள் உன் கையெழுத்து.

அன்புடன்,
மீனா