சின்னப் பழ ஈக்குக் கொய்யா ஈயின் படமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘புதிய வகைப் பழ ஈ’ என்று ட்ரோசோஃபிலா என்ற சின்ன ஈயைப் பற்றிச் செய்தி வந்தால், பக்கத்திலேயே கொய்யாவைக் கெடுக்கும் ஈயின் படம் வந்துவிடுகிறது. இரண்டும் வேறு வேறு குடும்பம். கொய்யா ஈயான பாக்ட்ரோசெரா, குளவி மாதிரி மஞ்சளும் கறுப்புமாக ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இருக்கும். கெடாத காயிலேயே ஊசி இறக்கி முட்டையிடும். கனிந்த பீசாங் மாஸ் வாழைப்பழச் சீப்பைச் சுற்றும் செங்கண் ஈதான் ட்ரோசோஃபிலா. 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அது தேடுவது புளித்த பழத்தில் வளரும் ஈஸ்டை. இதைப் பிடிக்க மீதைல் யூஜினால் என்ற ஈர்ப்பு மருந்துப் போத்தலைத் தொங்கவிடுவது வீண். அதில் பாக்ட்ரோசெராவின் ஆண் ஈக்கள்தான் விழும்.

எங்கள் ஊர்ப் பக்கம் தோட்டமும் காடும் ஒட்டியே கிடக்கின்றன. பள்ளி அறிவியல் கழகங்கள் பிடித்துப் பார்க்க நினைத்தால் செலவு அதிகமில்லை. 500 மில்லி தண்ணீர்ப் போத்தலின் மேற்பக்கத்தில் சூடேற்றிய ஆணியால் 5 மில்லிமீட்டர் அளவில் நான்கு துளை போடுங்கள். உள்ளே பாதி வாழைப்பழத்தை மசித்துப் போட்டு, ஒரு சிட்டிகை ராகி தூவுங்கள். தாப்பாய் என்ற புளித்த சோற்றுக்குப் போடுகிற ஈஸ்ட் கட்டிதான் இந்த ராகி, கேழ்வரகு அல்ல. நிழலில் கட்டித் தொங்கவிட்டு, கயிற்றில் கிரீஸ் தடவுங்கள். தடவாவிட்டால் எறும்புக்குத்தான் விருந்து. மூன்றாம் நாள் காலையில் எடுத்துவிட வேண்டும். இந்த வெக்கையில் பத்து நாளில் அடுத்த தலைமுறை போத்தலுக்குள்ளேயே பிறந்துவிடும்; பிறகு வெளியிலிருந்து வந்தது எது, உள்ளே பிறந்தது எது என்று பிரிக்க வழியில்லை.

பலர் தவறுவது நிறத்தில்தான். கூட்டிலிருந்து புதிதாக வந்த ஈ வெளிறி மெத்தென்று இருக்கும். அதைப் பார்த்துப் ‘புதுசு’ என்று குதிக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் உயிரோடு வைத்து, நிறம் ஏறிய பிறகு 95 விழுக்காடு எத்தனாலில் போட வேண்டும். ஃபார்மலின் மரபணுவைக் கெடுத்துவிடும். இடம், நாள், இரை மூன்றையும் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து ஓடிவிடும்.

இனத்தைச் சொல்வது பெரும்பாலும் ஆண் ஈயின் வால் நுனி. மெலனோகாஸ்டர், சிமுலன்ஸ் என்ற இரண்டு ட்ரோசோஃபிலா இனங்களின் பெண் ஈக்களைத் தேர்ந்தவர்களாலேயே பிரிப்பது கடினம். ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். வயிற்றுப் பகுதியைக் கழற்றி, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இளஞ்சூட்டில் வைத்தால் சதை கரைந்து ஓடு மட்டும் நிற்கும். அதைக் கழுவி, கிளிசரினில் இட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அதிக நேரம் விட்டால் ஓடும் வெளிறி ஒன்றும் தெரியாமல் போகும். ஆணின் முன்காலில் சீப்புப் போல உள்ள பற்களையும் எண்ண வேண்டும். மெலனோகாஸ்டர் ஆணுக்குப் பத்துப் பன்னிரண்டு பற்கள். பெண்ணையும் தள்ளிவிட முடியாது. 1931-இல் ஜப்பானில் பெயர் பெற்ற சுசுகீ என்ற ட்ரோசோஃபிலா இனத்துப் பெண் ஈயின் முட்டையிடும் உறுப்பு ரம்பம் போல இருக்கும். அதனால்தான் சின்ன ஈயாக இருந்தும் நல்ல பழத்தையே அறுத்து முட்டை வைக்கிறது.

இவ்வளவும் பார்த்து, தெரிந்த எந்த இனமும் அல்ல என்று உறுதியான பிறகு ஒரே ஒரு ஈயை அந்தப் புதிய இனத்தின் மூல மாதிரியாகக் குறித்து அருங்காட்சியகத்தில் வைத்து, விவரத்தை ஆய்விதழில் வெளியிட்டால்தான் பெயர் நிற்கும். அப்படி வைத்த பெயரும் சில சமயம் விழும். 1994-இல் பாக்ட்ரோசெரா பப்பாயே என்று தனி இனமாகப் பெயரிட்ட நம் பப்பாளி ஈ, ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த பாக்ட்ரோசெரா டோர்சாலிஸ் இனம்தான் என்று 2015-இல் முடிவானது. அதே 1994-இல் பெயர் பெற்ற நட்சத்திரப்பழ ஈ கேரம்போலே மட்டும் இன்றும் தனி இனம்.

அடுத்த முறை இத்தகைய செய்தி போடும்போது ஈயின் நீளத்தை மில்லிமீட்டரில் தாருங்கள். மூல மாதிரி எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்