குறை இல்லாதபோதும் எங்களை உள்ளே அழையுங்கள்: குடும்ப நல ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆலோசகர்களுக்கு வணக்கம்.

திருமணமான ஐந்தாம் ஆண்டில் நானும் என் கணவரும் ஓர் ஆலோசனை மையத்திற்குச் சென்றோம். எங்களுக்குள் சண்டை என்று எதுவும் இல்லை. ஆனால், கட்ட வேண்டிய கட்டணம், குழந்தையின் காய்ச்சல், மறுநாள் யார் முன்னதாக எழுவது என்பதற்கு மேல் பேச்சே எழாமல் மாதங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே தந்த படிவத்தின் முதல் கேள்வி, "பிரச்சினை என்ன?" என்பது. அவர் பேனாவைத் திறந்தார், என் முகத்தைப் பார்த்தார், மூடிவிட்டார். "குறிப்பாக ஒன்றும் இல்லையென்றால் தேவைப்படும்போது வாருங்கள்" என்றார்கள். நிம்மதியோடுதான் வீடு திரும்பினோம். மூன்று ஆண்டுகள் கழித்து மீண்டும் சென்றபோது, எழுத அந்தக் கட்டத்தில் இடம் போதவில்லை.

இடைப்பட்ட காலத்தில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது கோபம் அன்று, ஏளனம். "உங்களுக்கு எங்கே புரியப்போகிறது" என்று உதட்டைச் சுழித்து நான் சொன்ன ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். தம்பதியரின் உரையாடல்களைப் பல ஆண்டுகள் பதிவுசெய்து ஆராய்ந்த ஜான் காட்மன், மணவாழ்வை அரிப்பவற்றுள் மிகக் கொடியது ஏளனமே என்று கூறுவதைப் பின்னாளில் படித்தபோது, அந்த அறைக்கதவுதான் என் கண்முன் வந்தது.

முன்கூட்டிய உதவி பெரும் செலவுள்ளதாக இருக்க வேண்டியதில்லை. எலி ஃபிங்கலும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 120 தம்பதியருள் ஒரு பகுதியினர், தங்களுக்குள் எழுந்த பிணக்கை, இருவரின் நலனையும் நாடும் மூன்றாம் மனிதர் எப்படிப் பார்ப்பார் என்று சிந்தித்து, ஓர் ஆண்டில் மூன்று முறை, முறைக்கு 7 நிமிடம் எழுதினார்கள். எழுதாதவர்களின் மணவாழ்வு நிறைவு சரிந்துகொண்டே போக, எழுதியவர்களிடம் அச்சரிவு நின்றது. உளவியலாளர் ஜேம்ஸ் கோர்டோவா உருவாக்கிய 'திருமண நலப் பரிசோதனை'யும், உடல்நலப் பரிசோதனையைப் போல, நோய் வரும்வரை காத்திராமல் செய்துகொள்ளக் கூடியதே.

அடியும் அச்சமும் நிலவும் வீடுகளுக்கு இது பொருந்தாது. அவர்களைத் தனித்தனியே சந்தித்து, பாதுகாப்பை முதலில் உறுதிசெய்ய வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். மற்றவர்களுக்காகக் கேட்கிறேன்: ஆண்டுக்கு ஒருமுறை, குறை எதுவும் சொல்லாமலேயே வந்து அமர ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். படிவத்தின் முதல் கேள்வியையும் மாற்றுங்கள். "நீங்கள் இருவரும் கடைசியாக எதைப் பற்றி மனம்விட்டுப் பேசினீர்கள்?" என்று கேட்டிருந்தால், அன்று அவர் பேனாவை மூடியிருக்க மாட்டார்.

இப்படிக்கு,
அன்று படிவத்தை வெறுமையாகத் திருப்பித் தந்த ஒரு மனைவி