அடி... அடி... பிடி

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய வீடியோவை அம்மாவுக்குக் காட்டவில்லை. நான் மட்டும் நான்கு முறை பார்த்தேன். கடற்கரைச் சாலை, நள்ளிரவு, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கார்கள், நடுவில் உன்னுடையது. முதல் முறை பயத்தோடு பார்த்தேன். இரண்டாம் முறை என்ஜின் சத்தத்தைக் கேட்டேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இருந்தது. மூன்றாம் முறை வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தேன்: மணிக்கு 120 கி.மீ. நான்காம் முறைதான் கண்ணில் பட்டது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்கக் காத்து நின்ற ஒரு குடும்பம்.

31 ஆண்டுகள் பஸ் பணிமனையில் கிடந்தவன் நான். வண்டியைப் பிரித்து மாட்டும் ஆசை உனக்கு வேறு யாரிடமிருந்து வந்திருக்கும்? அதனால் உன் நண்பர்களைத் திட்ட இந்தக் கடிதத்தை எழுதவில்லை. விடியும்வரை ஒருவன் வண்டிக்கு இன்னொருவன் டார்ச் பிடிப்பது நல்ல கூட்டம்தான்.

ஆனால் வண்டியில் மாட்டியதாக நீ எழுதிய பட்டியலைப் படித்தபோது கோபம் வந்தது. என்ஜின் வலுவைக் கூட்ட டர்போ, இன்டர்கூலர், தாழ்த்திய சஸ்பென்ஷன், புது சைலன்சர், பின்னால் ஓர் இறக்கை. பிரேக் பக்கம் என்ன செய்தாய்? பிரேக் தட்டைக் கவ்வும் காலிப்பருக்குச் சிவப்பு பெயிண்ட். பெயிண்டைப் பார்த்து வண்டி நிற்குமா?

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. 60-இல் போகும்போது ஆபத்தைக் கண்டு கால் பெடலுக்குப் போக ஒன்றரை விநாடி என்றால், அதற்குள் 25 மீட்டர் ஓடிவிடும். பிறகு நிற்க 20 மீட்டர். 120-இல் 50 மீட்டர் ஓடும், அதன்பின் 80. இது காய்ந்த, சுத்தமான தாரில். உன் சாலையில் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. டயருக்கும் தாருக்கும் நடுவே அது குண்டுமணி மாதிரி உருளும். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் உன் வண்டியில் இல்லை.

பிரேக் ஆயிலை எப்போது மாற்றினாய்? அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் 230 டிகிரி வரையாவது தாங்கவேண்டும். ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடலாம். விரட்டி விரட்டிப் பிரேக் போட்டால் உள்ளே கொதித்து ஆவியாகும். ஆவி நசுங்கும், பெடல் தரையைத் தொடும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். அப்படி வந்த ஒரு டிரைவரின் முகத்தைப் பணிமனை வாசலில் பார்த்திருக்கிறேன்.

சைலன்சரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தெருக்காரர்கள் சொல்லியிருப்பார்கள்.

இன்னொரு வருத்தம். நீ வாங்கியது பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் வந்த வண்டி. ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, பின்சக்கர இழுவை. வளைவில் விளையாடத்தான் அதைச் செய்தார்கள். நீ டர்போ மாட்டி நேர்கோட்டில் ஓட்டுகிறாய். பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோ. அங்கே எல்லாரும் ஒரே திசையில் போவார்கள், செருப்பைக் கையில் பிடித்தவர் யாரும் குறுக்கே வரமாட்டார். அந்த வண்டி என்னவென்று அங்கேதான் உனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் நான் வருகிறேன். (இரண்டே சீட் என்பதால் அம்மா வரவில்லையாம். அவளுக்கு அது ஒரு சாக்கு.) அதுவரை கடற்கரைச் சாலையில் 50-ஐத் தாண்டாதே. டாட் 4 பாட்டில் வாங்கி வை, மூடியைத் திறக்காதே; திறந்து வைத்தால் அதிலும் ஈரம் ஏறும். டயரின் உள் ஓரத்தைக் கையால் தடவிப் பார். தாழ்த்திய வண்டிக்கு அங்கேதான் முதலில் தேயும்.

பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் பிளீடிங் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஞாபகம் இருக்கிறதா? ஏழு வயதில் பிரேக் பெடலுக்குக் கால் எட்டாமல் சீட்டின் நுனியில் உட்கார்ந்திருப்பாய். கீழே சக்கரத்தருகே இருந்து நான் ‘அடி... அடி... பிடி’ என்பேன். ஒருமுறை நான் ‘விடு’ என்று சொல்வதற்குள் விட்டுவிட்டாய். காற்று உள்ளே போய், மறுபடி முதலிலிருந்து. அழுதுவிட்டாய்.

பழைய சட்டை ஒன்று எடுத்து வை, எனக்கு.

அப்பா