டெல்லர் எண்ணுகிறவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சொல் விளக்கப் பகுதியில், ஆங்கிலத்தில் 'டெல்' என்றால் 'சொல்' என்றும், வாடிக்கையாளர் கேட்கும் விவரங்களைச் சொல்கிறவர் என்பதால் வங்கியில் காசாளருக்கு 'டெல்லர்' என்ற பெயர் வந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். முதற்பாதி சரி, பிற்பாதி தவறு. முப்பத்தொரு ஆண்டுகள் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த வேலையைப் பார்த்தவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் கிளையில் நோட்டு எண்ணும் இயந்திரம் கிடையாது. ஈரப் பஞ்சு வைத்த கிண்ணம் ஒன்று மேசையில் இருக்கும். விரலை அதில் தொட்டு, கட்டின் ஓரத்தைப் புரட்டிப் புரட்டி நூறு வரை எண்ணி, திருப்பி வைத்து மறுபடியும் எண்ண வேண்டும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கணக்கு விட்டுப்போகும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். விவரம் கேட்டு வருகிறவர்களைப் பக்கத்து மேசைக்கு அனுப்பிவிடுவோம். எண்ணுவதுதான் டெல்லரின் வேலை. அந்தச் சொல்லின் பழைய பொருளும் அதுவே.

பழைய ஆங்கிலத்தில் 'டெல்லான்' என்ற வினைக்கு எண்ணுதல், கணக்கிடுதல் என்று பொருள். காசை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோல நடந்ததை வரிசையாக எடுத்துரைப்பதும் அந்த வினைக்குள்ளேயே அடங்கியது. நாளடைவில் சொல்லுதல் முன்னே வந்து, எண்ணுதல் ஒதுங்கிவிட்டது. ஆனால் மறைந்துவிடவில்லை. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், 147ஆம் சங்கீதம் கடவுள் விண்மீன்களை 'டெல்' செய்வதாகப் பாடுகிறது. தமிழ் விவிலியத்தில் அந்த இடத்தில் 'எண்ணி' என்றே இருக்கிறது. யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தில், வைக்கோல் தராமலே அடிமைகளிடம் செங்கற்களின் 'டேல்' கேட்கிறார்கள். இன்று கதை என்று நாம் படிக்கும் அந்தச் சொல்லுக்கு அங்கே எண்ணிக்கை என்று பொருள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாக்குகளை எண்ணும் உறுப்பினர்களுக்கு இன்றும் டெல்லர் என்றுதான் பெயர். இங்கிலாந்தின் கருவூலத்திலும் டெல்லர் பதவிகள் இருந்து, 1834இல் ஒழிக்கப்பட்டன.

ஏ.டி.எம். என்பதை 'எனி டைம் மணி' என்று விரிப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். நடுவில் இருக்கும் 'டி' டெல்லரைத்தான் குறிக்கிறது. 1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்டு பகுதியில், வங்கிச் சுவரில் பணம் தரும் இயந்திரம் திறக்கப்பட்டது. அதன் வழிவந்த இன்றைய இயந்திரங்கள் உள்ளே சரசரவென்று எண்ணிவிட்டு நோட்டை நீட்டும் ஒலியைக் கேட்கும்போதெல்லாம், பெயர் பொருத்தம்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆங்கிலத்தின் உறவு மொழிகளிலும் இதே நிலைதான். ஜெர்மனில் 'ட்ஸேலன்' என்றால் எண்ணு, 'எர்ட்ஸேலன்' என்றால் கதை சொல். சுவீடன் மொழியில் 'தால்' என்ற ஒரே சொல் எண்ணையும் குறிக்கும், உரையையும் குறிக்கும். வேறு வேரிலிருந்து வந்த ஸ்பானிய 'கொந்தார்' என்பதற்கும் எண்ணு, சொல் என்ற இரண்டு பொருளும் உண்டு. நாமும் 'கணக்குச் சொல்' என்கிறோம். ஆனால் தமிழில் 'எண்ணு' என்பது எண்ணிக்கையோடு சிந்தனையையும் குறிக்கிறது.

இனி, நீங்கள் தனிச் சொல்லாக 'பேசு' என்று மட்டும் பொருள் தந்திருந்த 'டாக்'. 13ஆம் நூற்றாண்டு அளவில் எழுத்தில் தென்படத் தொடங்கும் இச்சொல்லும் இதே குடும்பம்தான். 'டேல்' என்பதன் வேரோடு, ஒரு செயல் திரும்பத் திரும்ப நிகழ்வதைக் காட்டும் 'க்' ஒட்டிக்கொண்டது என்பது சொற்பிறப்பு அறிஞர்களின் கருத்து. 'கேள்' என்னும் பொருளுடைய 'ஹியர்' என்பதோடு, 'உற்றுக் கேள்' என்னும் பொருளுடைய 'ஹார்க்' உறவானதும் இப்படித்தான். கதையிலிருந்து பேச்சு பிறந்திருக்கிறது.

இதைப் படித்த அன்று, 1980களின் நடுவில் எங்கள் திருச்சிக் கிளைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் நினைவுக்கு வந்தார். கம்பிக்கு அப்பால் நின்று, "தம்பி, உங்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்" என்றார். என் கையில் பாதி எண்ணிய கட்டு. "கதை கேட்க நேரமில்லை அம்மா" என்று சொல்லிவிட்டேன். கணக்குத் தொடங்க என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார். அவர் முகம் வாடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கதையையே வினையாக்கிப் பேச்சுக்கு வைத்துக்கொண்ட அவருடைய தமிழ், 'டாக்' பிறந்த அதே வழியில் பிறந்தது என்று அன்று எனக்குத் தெரியாது.

திருத்தம் வெளியிடும்போது டெல்லருக்கு எதிரே 'எண்ணுகிறவர்' என்று போடுங்கள். 'டாக்' என்பதற்கு எதிரே, 'பேசு' என்பதோடு 'கதை' என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கிக் காசாளர்,
திருச்சி.